பட்டறை ஷட்டரைக் கழற்றி மடக்குக் கதவு போடுவது: காசிமேட்டில் நாங்கள் செய்த விதம்

எங்கள் பட்டறை சென்னை காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது. விசைப்படகு எஞ்சினை இறக்கிப் பிரிப்பது, தேய்ந்த ஷாஃப்ட்டை லேத்தில் ஏற்றிச் சரிசெய்வது இதெல்லாம்தான் தொழில். வாசலில் அப்பா காலத்து ரோலிங் ஷட்டர் தொங்கியது. உப்புக் காற்று அதன் அடிப்பட்டியை வருஷா வருஷம் தின்றுகொண்டே வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் ஷட்டர் ஒரு சாண்கூட மேலே ஏறவில்லை. தகடு ஏறி இறங்குகிற இரண்டு பக்கக் கைடு சேனலிலும் சேறு இறுகிக் கிடந்தது. மூன்றாம் நாள் நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்பித்தான் உள்ளே போனோம். அதற்குள் லேத்தின் பெட் முழுக்கச் செந்துரு பூத்துவிட்டது. முதல் நாளே உள்ளே போய்த் துடைத்து எண்ணெய் பூசியிருந்தால் அது தப்பித்திருக்கும்.

ஷட்டர் முழுவதும் ஒரே உடம்பு. ஓர் இடத்தில் பிடித்தால் மொத்தமும் நின்றுவிடும். மடக்குக் கதவு என்பது நான்கு கதவு, பக்கத்துக்கு இரண்டாகக் கீலில் இணைந்து ஒன்றன்மேல் ஒன்று மடங்கும். அதில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாலும் இன்னொரு பக்கம் திறக்கும். கெட்டுப்போகிற பாகம் எல்லாம் கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும். நான் மாற்றியது இதற்காகத்தான்.

எப்போது செய்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்பதால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி மாதம்தான் சரியாக வந்தது. சிமென்ட் இறுகவும் பெயின்ட் காயவும் வெயில் கிடைத்தது.

வாசலை அளக்கும்போது ஒரே இடத்தில் அளந்துவிட்டு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அகலம் எடுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். எங்கள் சுவர் பழைய செங்கல் சுவர். கீழே 3,070 மி.மீ. இருந்த வாசல் மேலே போகப் போகக் குறுகி 3,035-இல் நின்றது. எது சிறியதோ அதுதான் உங்கள் அளவு. அதில் 10 மி.மீ. கழித்து 3,025-க்குச் சட்டம் செய்தோம். 50க்கு 50, 6 மி.மீ. கனமுள்ள ஆங்கிள். இரண்டு பக்க ஆங்கிளின் கனம் 12 மி.மீ. போனால் உள்ளளவு 3,013. நான்கு கதவுக்கு ஐந்து இடைவெளி, இடைவெளிக்கு 5 மி.மீ. வீதம் 25 போக மீதி 2,988. நான்கால் வகுத்தால் ஒரு கதவு 747 மி.மீ., அதாவது இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. வாசலுக்கு முன்னால் எங்களுக்குச் சொந்தமான மூன்றடி மேடை உண்டு. மடங்கிய கதவு அதற்குள்ளேயே அடங்கிவிடும், சந்தில் போகிற மீன் வண்டிக்கு இடைஞ்சல் இல்லை. ஐந்தடியில் இரண்டு சாதாரணக் கதவு போட்டிருந்தால் பாதிச் சந்தை அடைத்திருக்கும்.

இப்போது ஷட்டரைக் கழற்றும் வேலை. இதில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங், ஷட்டர் இறங்கியிருக்கும்போது முழு முறுக்கில் இருக்கும். அந்த நிலையில், உருளையின் நடுக் குழாயைப் பிராக்கெட்டில் பிடித்திருக்கும் யூ கிளாம்பைத் தளர்த்தினால் குழாய் சுழன்று கையை உடைத்துவிடும். ஷட்டரை முழுக்க மேலே ஏற்றுங்கள். சுருண்ட தகட்டை இரண்டு இடத்தில் தடித்த கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அப்போதும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் முறுக்கு பாக்கி இருக்கும், அது ஷட்டர் போட்ட அன்றே ஏற்றி வைத்தது. எங்கள் வெல்டர் தம்பி குழாயில் இரண்டு பெரிய பைப் ரிஞ்ச் மாட்டினான். ஒன்றை அவன் பிடித்தான், இன்னொன்றை நான். மச்சான் ஏணியில் நின்று கிளாம்ப் நட்டை ஒவ்வொரு புரியாகத் தளர்த்தினார். நட்டு விட்டதும் ரிஞ்சின் கைப்பிடி உள்ளங்கையை அப்படியே மேலே தள்ளியது. ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் ரிஞ்சை எடுத்து மறுபடி மாட்ட, கால் சுற்று கால் சுற்றாக விட்டோம். மூன்று சுற்றுக்குப் பிறகுதான் குழாய் செத்த பாம்பு மாதிரி அடங்கியது. அதன் பிறகே பிராக்கெட்டில் கை வைத்தோம். இந்த வேலையைத் தனியாளாகச் செய்யாதீர்கள். பழக்கமில்லாதவர் ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்வதே நல்லது.

இரும்பை நான் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எடுத்தேன். கடைக்குப் போகுமுன் எடையைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எல்லாம் கிலோ கணக்குத்தான். 1 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. எங்கள் கதவுத் தகடு 1.2 மி.மீ., உயரம் 2,650. அது ஏறக்குறைய 19 கிலோ. 40க்கு 40, 2 மி.மீ. சதுரக் குழாயில் சட்டமும் இரண்டு குறுக்குச் சட்டமும் சேர்ந்து இன்னொரு 19. கீலோடு ஒரு கதவு 40 கிலோ என்று வையுங்கள். ஒரு பக்க ஜோடி 80 கிலோ. மூடியிருக்கும்போது இந்த எடை சுவரிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி நிற்கும், அதனால் மேல் கீலைச் சுவரிலிருந்து பிய்க்க 30 கிலோ அளவுக்கு ஓர் இழுப்பு எப்போதும் இருக்கும். சட்டத்தைச் சுவருக்குள் பிடித்து நிறுத்துகிற இரும்புப் பட்டைதான் ஹோல்ட் பாஸ்ட். பக்கத்துக்கு மூன்று போதும் என்றார் மேஸ்திரி. நான் நான்கு கேட்டு வாங்கினேன், அதில் ஒன்று மேல் கீலுக்கு நேர் பின்னால்.

சட்டத்தை வெளிச்சுவர் முகத்தோடு சமமாக நிறுத்துங்கள். காரணம் கீழே வருகிறது. தூக்குக் குண்டு விட்டு இரண்டு முகத்திலும் பார்த்து, சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் ஹோல்ட் பாஸ்டைப் புதைத்து, ஏழு நாள் தண்ணீர் ஊற்றினோம். அந்த ஏழு ராத்திரியும் பழைய ஷட்டர் தகட்டையே வாசலில் சாய்த்துக் கட்டிவிட்டு, நானும் மச்சானும் மாறி மாறி உள்ளே படுத்தோம். பச்சைச் சிமென்ட்டில் கதவை மாட்டினால் சட்டம் சாயும், அப்புறம் அதை நிமிர்த்த வழியே கிடையாது.

கீல் எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். கதவு வெளியே மடங்க வேண்டுமானால், சட்டத்துக்கும் முதல் கதவுக்கும் நடுவிலுள்ள கீல் வெளிமுகத்தில் வர வேண்டும். முதல் கதவுக்கும் இரண்டாம் கதவுக்கும் நடுவில் உள்ளது உள்முகத்தில் வர வேண்டும். சந்தேகம் வந்தால் தீப்பெட்டி அட்டை இரண்டைத் துணிப் பட்டையால் ஒட்டி மடக்கிப் பாருங்கள், உடனே பிடிபடும். வெல்ட் செய்கிற புல்லட் கீல்தான் போட்டோம், கீழ்ப் பாதியின் முளைமேல் மேல் பாதி உட்காருகிற வகை. சட்டத்தில் நான்கு, நடுவில் மூன்று. புல்லட் கீலில் கதவை மேலே தூக்கினால் கழன்று வந்துவிடும், திருடனுக்கும் அது தெரியும். அதனால் கதவை மாட்டிய பிறகு, வெளிமுகத்தின் மேல் கீலை மட்டும் தலைகீழாக வைத்துக் கடைசியில் பற்றவையுங்கள். அப்புறம் அதைத் தூக்கவே முடியாது.

தகட்டைச் சட்டத்தில் ஒரே ஓட்டமாக வெல்ட் செய்தால் சூட்டில் நெளிந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஆறு அங்குலத்துக்கு ஓர் அங்குலம், அதுவும் ஒரு முறை இந்த மூலை, அடுத்த முறை எதிர் மூலை என்று மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டரை மி.மீ. வெல்டிங் ராடு போதும்.

தரையில் தண்டவாளம் வேண்டவே வேண்டாம். லேத்தில் விழுகிற இரும்புச் சுருள், மணல், சேறு எல்லாம் அதில்தான் போய் உட்காரும். எங்கள் ஷட்டர் செத்ததே அப்படித்தான். மேலே மட்டும் கவிழ்த்துப் போட்ட ஒரு சேனல், உள் அகலம் 38 மி.மீ. வாசல் நடுவில் சந்திக்கிற இரண்டு கதவின் மேல் மூலையிலும் 15 மி.மீ. பின் (இரும்பு முளை) ஒன்றை நிறுத்தி, அதில் 6202 பேரிங் ஒன்றை மாட்டினேன். அதன் வெளிவிட்டம் 35, சேனலுக்குள் தடையில்லாமல் ஓடும். எடையைக் கீல் தாங்குகிறது, பேரிங் வழி மட்டும் காட்டுகிறது. பின்னை வெல்ட் செய்துவிடாமல் நட்டு போட்டுக் கழற்றுகிற மாதிரி விட்டேன். மடங்கிய ஜோடி பக்கத்துக்கு 90 மி.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். பெரிய எஞ்சின் வரும் நாளில் பின்னை எடுத்துவிட்டால் ஜோடி அப்படியே திரும்பி வெளிச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும், முழு வாசலும் கிடைக்கும். சட்டத்தை வெளிமுகத்தோடு வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

பூட்டும் இடம் இன்னொரு சிக்கல். ஒரு ஜோடியின் இரண்டு கதவும் சேர்கிற நடு மூட்டைப் பிடித்து வெளியே இழுத்தால் கதவு மடங்கிவிடும், ஆகவே இரண்டு ஜோடியும் சந்திக்கிற இடத்தில் மட்டும் பூட்டினால் போதாது. இடப்பக்க ஜோடிக்கு உள்ளேயிருந்து நடு மூட்டில் மேலும் கீழும் தாழ்ப்பாள். வலப்பக்க ஜோடி வழியாகத்தான் நாங்கள் வெளியே வருகிறோம், அதனால் அதன் நடு மூட்டில் வெளிப்புறமாக ஓர் அல்டிராப் (பூட்டு மாட்டுகிற தாழ்ப்பாள்), சந்திப்பில் இன்னொன்று. இரண்டு பூட்டு. தரைத் தாழ்ப்பாளுக்கு 16 மி.மீ. கம்பி. அது இறங்கும் குழாய்த் துண்டின் அடியை அடைக்காமல் மண்ணுக்குள் திறந்தே விட்டோம், விழுகிற தூசியும் தண்ணீரும் கீழே போய்விடும்.

பெயின்ட்டுக்கு முன் குழாயின் எல்லா முனையையும் மூடி முழு வெல்ட் செய்து, அடிச்சட்டத்தில் மட்டும் 6 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். கடற்கரைப் பக்கம் இரும்பு உள்ளேயிருந்துதான் அழுகும். ஜிங்க் கலந்த எபாக்சி பிரைமர் இரண்டு கை, மேலே எனாமல் இரண்டு கை. கீழே 12 மி.மீ. இடைவெளி விட்டு, பழைய டயர் ட்யூபைப் பட்டையாக வெட்டி ஸ்க்ரூவில் மாட்டினேன். கிழிந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

முதல் நாள் காலை இடப்பக்க ஜோடியை மட்டும் மடக்கினேன். துறைமுகப் பக்கத்து வெயில் லேத்தின் சக் மேலே நேராக விழுந்தது. இத்தனை வருஷமாக அங்கே பகலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. தூறல் நாளில் இப்போது ஒரு பக்கம் மட்டும் திறந்து வேலை செய்கிறோம். மாதம் ஒரு முறை கீலுக்குக் கிரீஸ் வைக்கிறோம். புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்குமுன், தரைக் குழாய்களில் கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்கிறோம்.