தெரு வடிகால் சூழலுக்கு எவ்வளவு உகந்தது? நீங்களே அளக்கலாம்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. இடையில் நான்கு வருடம்கூட இல்லை. அதனால் கடற்கரையோரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் புது மழைநீர் வடிகால் வந்தபோது, தண்ணீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதைக் கட்டியதால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியானது, மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் எவ்வளவு தடைபட்டது என்று இரண்டு எண்களைக் கண்டுபிடித்தேன். அதே வழியை இங்கே தருகிறேன்.

1. காங்கிரீட், கம்பி கணக்கு

டெண்டர் ஆவணத்தில் அளவுப் பட்டியல் இருக்கும். கிடைக்காவிட்டால், மூடி போடும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் வடிகாலின் உள் அகலம் 60 செ.மீ., ஆழம் 90 செ.மீ. சுவர், தரை, மூடி எல்லாம் 15 செ.மீ. கனம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.54 கன மீட்டர் காங்கிரீட் ஆகிறது.

ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட் என்று வைத்தால் சுமார் 173 கிலோ. ஓபிசி எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டைத் தயாரிக்கக் கிலோவுக்கு ஏறக்குறைய 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக 155 கிலோ. கம்பியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கன மீட்டருக்கு 80 கிலோ கம்பி, கிலோவுக்கு 2.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று எடுத்தால் இன்னும் 108 கிலோ சேர்கிறது. மொத்தம் மீட்டருக்கு 263 கிலோ. 100 மீட்டர் தெருவுக்கு 26 டன்! இரும்பு உலைக் கசடு கலந்த பிஎஸ்சி சிமென்ட் போட்டிருந்தால் சிமென்டின் பங்கு பாதி அளவுக்குக் குறைந்திருக்கும்.

இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற விரிதாளில் நாலு வரி போதும். நட்சத்திரமும் புள்ளியும் தரும் பசுமைக் கட்டுமான மதிப்பீட்டு முறைகள் பெரிய திட்டங்களுக்குச் சரி. தெரு வேலைக்குக் கிலோவும் லிட்டரும்தான் வேண்டும், ஏனென்றால் அவற்றைக் காட்டி கவுன்சிலரிடமும் பொறியாளரிடமும் நேராகக் கேள்வி கேட்க முடியும்.

2. மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

நான் தடுமாறியது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அடிப்பக்கம் அறுத்த பெயின்ட் வாளி ஒன்றை எடுத்து, வடிகால் ஓரம் திறந்திருக்கும் மண்ணில் ஐந்து செ.மீ. இறங்கும்படி அழுத்துங்கள். மேலே ஒரு பலகையை வைத்துச் சுத்தியலால் தட்டினால் கோணாமல் இறங்கும். உள்ளே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை பத்தே நிமிடத்தில் 4 செ.மீ. இறங்கிவிட்டது. மணிக்கு 240 மி.மீ. என்று எழுதி வைத்துக்கொண்டு, நம் மண் பிரமாதம் என்று நம்பிவிட்டேன். அது காய்ந்த மண்ணின் முதல் தாகம், மழைக்காலத்தில் அந்த வேகம் இருக்காது. போதாததற்கு, வாளி விளிம்பைச் சுற்றி வெளியே ஒரு ஈர வளையம் பரவியிருந்தது. தண்ணீர் கீழே போகாமல் பக்கவாட்டில் கசிந்திருக்கிறது.

மறுநாள் விளிம்பைச் சுற்றிக் களிமண்ணைப் பூசி, முதலில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி மண்ணை நன்றாக ஊறவிட்டேன். மட்டம் குறையக் குறைய ஊற்றி, தொடர்ந்து மூன்று அளவுகள் ஒன்றாக வரும்வரை காத்திருந்தேன். மணிக்கு 30 மி.மீ. என்று நின்றது. மணல் பாங்கான மண்ணுக்கு இது நம்பத் தகுந்த எண். களிமண்ணில் 5 மி.மீ.கூடத் தேறாது.

அப்புறம் பெருக்கல்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் ஒரு லிட்டர். வடிகாலின் தரை 0.6 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம். ஆக 60 சதுர மீட்டர். மணிக்கு 1,800 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கும் இடத்தைக் காங்கிரீட்டால் அடைத்திருக்கிறோம். பத்து மணி நேரம் தண்ணீர் ஓடினால் 18,000 லிட்டர். இது எங்கள் கிணறுகளுக்குச் சேர வேண்டிய தண்ணீர். தரையை முழுதாக எடுத்துவிட முடியாது, சுவரைத் தாங்குவதே அதுதான். ஆனால் மணல் பகுதிகளில் இடைவெளி விட்டு, தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஊறல் குழிகள் வைக்கச் சொல்லிக் கேட்க இந்த எண் உதவும்.

3. வருடத்தால் வகுங்கள்

வடிகால் 30 வருடம் நிற்கும் என்றால், மீட்டருக்கு வந்த 263 கிலோவை 30-ஆல் வகுத்தால் வருடத்துக்குச் சுமார் 9 கிலோ. பத்தே வருடத்தில் இடித்துக் கட்டினால் 26 கிலோ. தாளில் உள்ள ஆயுளை எடுக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் பழைய வடிகால் எத்தனை வருடம் நின்றது என்று விசாரித்து அதை எடுங்கள்.

பின்சேர்க்கை: நவம்பரில் அளந்த ஒரு வாசகருக்கு மட்டம் அசையவே இல்லையாம். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும், அதனால் ஜூனில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று: தன் தெரு வடிகாலில் கழிவுநீரும் ஓடுவதாக ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் ஊறல் குழி கேட்கவே கேட்காதீர்கள், கிணறு கெட்டுவிடும். மழை இல்லாத நாளில் காலை ஏழு மணிக்கு மூடியின் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடினால், முதலில் அந்தக் கழிவுநீர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி மனு கொடுங்கள்.