சாக்ஸபோனில் ரீடு மாட்டுவது எப்படி?

சாக்ஸபோன் கீச்சென்று கத்தினால் உடனே உதட்டைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ரீடைப் பாருங்கள், அதாவது வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் மாட்டும் மெல்லிய தகடு. அம்மாபேட்டையில் ஒரு கல்யாணத்தில் என் ஆல்டோ சாக்ஸ் போட்ட சத்தத்துக்கு மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். கழற்றிப் பார்த்தால் ரீடு ஒரு நூல் கோணல், அவ்வளவுதான்.

ரீடு நமக்குப் புதுசு இல்லை. நாகசுரத்துச் சீவாளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. சீவாளியில் இரண்டு தகடு ஒன்றோடொன்று அதிரும். ஓபோவும் அந்த ஜாதிதான். சாக்ஸிலும் கிளாரினெட்டிலும் ஒரே தகடு, மவுத்பீஸின் மேல் அதிரும். புல்லாங்குழலுக்கு ரீடே கிடையாது.

ரீடு வாங்கும்போது உங்கள் சாக்ஸ் ஆல்டோ வகையா, டெனர் வகையா என்று சொல்லி வாங்குங்கள், அளவு வேறு. பெட்டியில் இருக்கும் நம்பர் கெட்டித்தன்மையைக் காட்டும். புதிதாக ஊதுபவருக்கு 2 அல்லது 2.5 போதும். பெரிய வித்வான்களைப் பார்த்து 3 வாங்கினால் காற்றுதான் வரும், நாதம் வராது.

சரி, மாட்டலாம். காய்ந்த ரீடை அப்படியே மாட்டக் கூடாது. டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ரீடு காய்ந்து, நுனி அப்பளம் போல நெளிந்திருக்கும். அப்படியானால் இன்னும் கொஞ்சம் ஊறவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். நெளிவு படிந்துவிடும்.

அடுத்து லிகேச்சர், அதாவது ரீடைப் பிடித்துக்கொள்ளும் வளையம். அதை முதலில் மவுத்பீஸில் தளர்வாகப் போட்டுவிட்டு, அப்புறம் ரீடை மேலிருந்து உள்ளே செருகுங்கள். ரீடை வைத்துவிட்டு வளையத்தை மேலே இழுத்தால் நுனி உடைவது நிச்சயம். நான் அப்படி ஒரே வாரத்தில் மூன்று ரீடு பாழாக்கினேன்.

தட்டைப் பக்கம் மவுத்பீஸோடு ஒட்ட வேண்டும். இரண்டு ஓரமும் சமமாக இருக்கட்டும். இப்போது நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து விரலால் மெதுவாக அழுத்துங்கள். ரீடுக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு தலைமுடி அளவு தெரிந்தால் சரி. ரீடு மேலே துருத்தினால் கெட்டியாகும், ரொம்பக் கீழே போனால் கீச்சிடும். திருகுகளை ரீடு நகராத அளவு முடுக்கினால் போதும்.

முழு சாக்ஸை மாட்டும் முன் மவுத்பீஸையும் கழுத்துக் குழாயையும் மட்டும் சேர்த்து ஊதிப் பாருங்கள். ஒரே சுருதி ஆடாமல் நின்றால் மற்றதை மாட்டலாம்.

ஊதி முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய உறையில் வையுங்கள். மவுத்பீஸிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். மூன்று நான்கு ரீடை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்; புது ரீடை முதல் சில நாள் பத்துப் பத்து நிமிடம் மட்டும் ஊதுங்கள். நுனி பிய்ந்துவிட்டால் மனசைத் தேற்றிக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் கதையே வேறு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பனிமூட்டத்துக்குள் போனதும், கீழே நன்றாகப் பேசிய அதே ரீடு ஈரம் குடித்து கனத்துவிடும். அங்கே நான் ஊற வைப்பதே இல்லை, வாயில் அரை நிமிடம் வைத்தாலே போதும். பெட்டியில் அரை நம்பர் குறைந்த ரீடு ஒன்றும் இருக்கும்.