இதய சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு முன் நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டியவை

சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம் பரிசோதனையில், அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைக் கை நரம்பு வழியாகச் செலுத்தி இதயத் தமனிகளைப் படமெடுக்கிறார்கள். துடித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு என்பதால், துடிப்பு நிதானமாக இருந்தால்தான் படம் தெளிவாக வரும். நிமிடத்துக்கு 60 முதல் 65-க்கு மேல் போகாமலிருப்பதைப் பெரும்பாலான மையங்கள் விரும்புகின்றன. ஆகவே நோயாளியின் பதற்றத்தைத் தணிப்பதும் இந்தப் பரிசோதனையின் ஒரு பகுதியே.

முதல் வேலை, மறைக்காமல் சொல்வது. முன்பு கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதே அதைத் தெரிவித்துவிட வேண்டும். இறால், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் இதற்காகத் தனியே அஞ்சத் தேவையில்லை. சிறுநீரகத்தின் நிலையை அறியக் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பவர்களை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை 48 மணி நேரம் நிறுத்திவைக்குமாறு மருத்துவர் கூறலாம், தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும், ஏனெனில் துடிப்பைக் குறைக்கத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்து சிலருக்கு மூச்சிறைப்பைத் தூண்டும். தமனிகளை விரிக்க நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் தருவதுண்டு. சில்டெனாஃபில், டடாலஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரைகளை அண்மையில் உட்கொண்டவருக்கு அதனால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். கூச்சத்தால் பலர் சொல்லாமல் விடுவது இதைத்தான். ஆகவே செவிலியர் இதை நோயாளியிடம் தனிமையில் கேட்பது நல்லது. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்களும் முன்கூட்டியே கூற வேண்டும்.

முதல் நாள் இரவிலிருந்தே காபி, தேநீரைத் தவிர்க்கவும். திட உணவை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்பதை அந்தந்த மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கலாமென்றால் தாராளமாகக் குடிக்கலாம்.

மருந்து விநாடிக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் வேகத்தில் பாய்வதால், முழங்கை மடிப்பில் சற்றுப் பெரிய வென்ஃப்ளான் ஊசியே (மருந்து செலுத்தப் பொருத்திவைக்கும் மெல்லிய குழாய்) போடுவார்கள். மருந்தை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கினால் அதன் பிசுபிசுப்பு குறைந்து எளிதாகப் பாயும். மருந்து உள்ளே செல்லும்போது உடலெங்கும் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தெரியும், சிறுநீர் கழிந்துவிட்டது போலத் தோன்றும். இவை இயல்பானவை, சிறிது நேரத்தில் மறைந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தால் நோயாளி திடுக்கிட்டு அசைய மாட்டார். மாறாக, ஊசி போட்ட இடத்தில் வலியோ வீக்கமோ வந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே குரல் கொடுக்க வேண்டும். படமெடுக்கும்போது மூச்சை அடக்க வேண்டியிருப்பதால், சுமார் 10 விநாடி மூச்சை அடக்கிப் பழகுவதை வீட்டிலேயே தொடங்கலாம்.

பரிசோதனை முடிந்த பின் சுமார் அரை மணி நேரம் அங்கேயே காத்திருங்கள். தோல் தடிப்பு சில நாட்கள் கழித்தும் வரலாம். வந்தால் மருத்துவரைக் கண்டு, செலுத்தப்பட்ட மருந்தின் பெயரையும் ஏற்பட்ட விளைவையும் கோப்பில் எழுதி வாங்கி வையுங்கள்.