இங்கிலாந்தில் கடை எடுப்பதற்கு முன்: கட்டடத்தின் பயன்பாட்டு வகுப்பை விசாரியுங்கள்

இங்கிலாந்துக்கு வந்து சொந்தமாக ஒரு கடையோ உணவகமோ டியூஷன் நிலையமோ தொடங்க விரும்பும் நம்மவர்கள் வாடகை, முன்பணம், ஆள் நடமாட்டம் ஆகியவற்றைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். ஆனால், அந்தக் கட்டடம் சட்டப்படி எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்பதைப் பலர் லீஸில் கையெழுத்திட்ட பிறகே கேட்கிறார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ என்று தமிழ்க் கடைகள் நிறைந்த எந்தக் கடைத்தெருவாக இருந்தாலும், இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இங்கே வணிகக் கட்டடங்களை அவற்றின் முதன்மைப் பயன்பாட்டைக் கொண்டு பயன்பாட்டு வகுப்புகளாக, அதாவது யூஸ் கிளாஸ்களாக, வகைப்படுத்தும் ஆணை 1987ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 1 அன்று அது பெரிதும் மாற்றப்பட்டது. அதுவரை கடைக்கு ஏ1, வங்கி போன்ற சேவைகளுக்கு ஏ2, உணவகத்துக்கு ஏ3, அலுவலகத்துக்கு பி1 என்று தனித்தனியாக இருந்தவை ‘ஈ’ என்ற ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டன. மருத்துவர் கிளினிக், குழந்தைகள் பகல்நேரக் காப்பகம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவையும் இப்போது அதில்தான் அடங்கும். ஒரே வகுப்புக்குள் ஒரு பயன்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குப் பொதுவாகத் திட்ட அனுமதி, அதாவது பிளானிங் பெர்மிஷன், தேவையில்லை என்பதால், மளிகைக் கடையாக இருந்த இடத்தில் நீங்கள் உணவகம் நடத்தலாம். உணவகமாக இருந்த இடத்தில் கணக்காளர் அலுவலகம் வைக்கலாம். பழைய ஏ1, ஏ3 குறிகளைச் சில முகவர்கள் இன்றும் விளம்பரங்களில் போடுகிறார்கள். அவற்றைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

ஆனால் எல்லா வணிகமும் ‘ஈ’ வகுப்பில் அடங்கிவிடாது. சூடான உணவை வாங்கிச் செல்லும் டேக்அவே, மதுக்கூடம், பந்தயக் கடை, டாக்ஸி நிறுவனம், துணி துவைக்கும் லாண்டரெட், பெட்ரோல் நிலையம், திரையரங்கு ஆகியவை எந்த வகுப்பிலும் சேராத தனிவகைகள்; திட்ட அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் தாள்களில் இவற்றை ‘சூயி ஜெனெரிஸ்’ என்று குறிப்பிட்டிருப்பார்கள். தனிவகைக்குள் நுழையவும் அதிலிருந்து வெளியேறவும் பெரும்பாலும் அனுமதி பெற வேண்டும். பொதுத் தொழிற்கூடங்கள் பி2, கிடங்குகள் பி8, தங்கும் விடுதிகள் சி1 வகுப்புக்கு உரியவை.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம், ஒரே கூரையின் கீழ் இரண்டு தொழில்கள் நடக்கும்போது வருகிறது. சட்டம் இங்கே பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. முதன்மைப் பயன்பாடு எது, அதைச் சார்ந்து நிற்கும் துணைப் பயன்பாடு எது என்று பார்க்கிறது. ஒரு தமிழ் மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். பணம் வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ரோல்ஸும் வடையும் சூடாக இருந்தால், அது துணைப் பயன்பாடு; கடை கடையாகவே இருக்கும். பிறகு அரிசி மூட்டைகள் இருந்த மூலையை ஒழித்துக் கொத்துரொட்டித் தட்டு போடப்படுகிறது. பின்சுவரில் புகைபோக்கி ஏறுகிறது. மாலையில் வருபவர்களில் பாதிப்பேர் உணவுப் பொட்டலத்துடன் திரும்புகிறார்கள். டெலிவரி பைக்குகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. இப்போது அந்த இடம் கடையும் டேக்அவேயும் கலந்த பயன்பாடாகிவிட்டது; கலந்த பயன்பாடு மீண்டும் தனிவகையே. எந்த நாளில் எல்லை கடந்தது என்று சொல்ல ஒரே அளவுகோல் கிடையாது. தரைப்பரப்பில் எவ்வளவு, வருமானத்தில் எவ்வளவு, வாடிக்கையாளர் எதற்காக வருகிறார், அக்கம்பக்கத்தாருக்குச் சத்தமும் வாசனையும் எவ்வளவு எட்டுகிறது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அதிகாரிகள் முடிவு செய்வார்கள். உணவகங்களுக்கும் இதே கதைதான்: உணவை ‘பெரும்பாலும் அங்கேயே உண்பதற்கு’ விற்றால்தான் ‘ஈ’ வகுப்பு. மேசைகள் காலியாகக் கிடக்க, விற்பனையில் பெரும்பகுதி டெலிவரி செயலிகள் வழியாகவே நடந்தால் அந்தத் தகுதி கேள்விக்குள்ளாகும். புகைபோக்கியைப் பொறுத்தவரை, வகுப்பு மாறாவிட்டாலும் வெளிச்சுவரில் பொருத்துவதற்குப் பெரும்பாலும் தனியாகத் திட்ட அனுமதி தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

வணிகம் அல்லாத முயற்சிகளுக்கும் இது பொருந்தும். வழிபாட்டிடம், கல்வி நிலையம், நூலகம், பொது மண்டபம் ஆகியவை எஃப்1 வகுப்பு. வாடகை குறைவு என்பதற்காகத் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கை எடுத்துக் கோயில் அமைப்பது பி8 வகுப்பிலிருந்து எஃப்1 வகுப்புக்கு மாறுவதாகும். அனுமதி இல்லாமல் தொடங்கினால், திருவிழா நாளில் வாகன நெரிசல் ஏற்பட்டு அயலவர் புகார் செய்த மறுநாளே கவுன்சிலின் கடிதம் வரக்கூடும். காலியான கடையில் டியூஷன் நிலையம் திறப்பவர்களும் தாங்கள் எஃப்1 பக்கம் போகிறோமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். வாரஇறுதித் தமிழ்ப் பள்ளியை ஏற்கெனவே பள்ளியாக இருக்கும் கட்டடத்தில் நடத்துவதே எல்லாவற்றிலும் தொல்லை குறைந்த வழி என்பது என் கருத்து.

வகுப்பைக் கண்டறிவது கடினமல்ல. ஒவ்வொரு கவுன்சிலும் திட்ட விண்ணப்பங்களின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. முகவரியையோ அஞ்சல் குறியீட்டையோ கொடுத்துத் தேடி, பழைய அனுமதிக் கடிதங்களை இறுதிவரை படியுங்கள். ‘இந்த இடத்தை அலுவலகமாக மட்டுமே பயன்படுத்தலாம்’, ‘இரவு பதினொரு மணிக்குப் பிறகு திறந்திருக்கக் கூடாது’ போன்ற நிபந்தனைகள் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். ‘ஈ’ வகுப்பின் சுதந்திரத்தை அவை பறித்துவிடக்கூடும். ‘முன்பு இங்கே டேக்அவேதான் நடந்தது’ என்று முகவர் சொல்வது சான்றாகாது. முன்னவர் அனுமதியின்றி நடத்தியிருந்தால், கவுன்சிலின் நடவடிக்கை இப்போது அங்கே தொழில் நடத்தும் உங்கள்மேல்தான் வரும். இத்தகைய பயன்பாட்டு மாற்றம் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் தொடர்ந்திருந்தால் பொதுவாக அதன்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதை ரசீதுகள், வரிக் கடிதங்கள், உறுதிமொழிகள் ஆகியவற்றைக் காட்டி நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அப்படி நிரூபித்துச் சட்டபூர்வப் பயன்பாட்டுச் சான்றிதழை உரிமையாளரே வாங்கித் தரும்படி கேட்பது நல்லது.

திட்டச் சட்டம் அனுமதிப்பதை லீஸ் தடுக்கலாம் என்பதையும் பாருங்கள். லீஸில் ‘மளிகை விற்பனைக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தால், கவுன்சிலுக்கு ஆட்சேபம் இல்லாவிட்டாலும் கட்டட உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தீப்பாதுகாப்புக்கான கட்டட விதிகளும் வணிகச் சொத்துவரியும் தங்களுக்கென வேறு வகைப்பாடுகளை வைத்திருக்கின்றன. ஒன்றில் கிடைத்த பதிலை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. உணவுத் தொழிலாக இருந்தால், தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள்கள் முன்பே கவுன்சிலில் கட்டணமின்றிப் பதிவு செய்ய வேண்டும்.

இங்கே சொன்ன ‘ஈ’ வகுப்பு இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது. வேல்ஸில் பழைய ஏ1, ஏ3 முறையே தொடர்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஆணைகள் உள்ளன. லண்டனில் கடை வைத்திருக்கும் உறவினரின் அனுபவத்தை வைத்துக்கொண்டு கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ கையெழுத்திட வேண்டாம்.

பயன்பாட்டு மாற்றம் தேவைப்பட்டால், சிறிய விண்ணப்பங்களுக்குச் சட்டம் வகுத்திருக்கும் காலம் எட்டு வாரம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகலாம், அனுமதி மறுக்கவும்படலாம். அத்தனை நாளும் பூட்டிய கடைக்கு வாடகை கட்டாமலிருக்க, அனுமதி கிடைத்த பிறகே லீஸ் தொடங்கும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி உங்கள் சொலிசிட்டரிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள். நெடுநாள் காலியாகக் கிடக்கும் கடையென்றால் உரிமையாளர்கள் இதற்கு இணங்குவதுண்டு.