நெட்டியில் ஒரு விண்கலம்: பழைய தொலைக்காட்சித் தொடர்களின் வழியில் டெல்டாவில் அறிபுனைப் படம் எடுக்கும் முறை

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் விண்கலம் வாரந்தோறும் ஒரு கோளில் தரையிறங்குவதைக் காட்டியிருந்தால், அந்தச் செலவைத் தயாரிப்பாளர்களால் தாங்கியிருக்க முடியாது. எனவே கலத்தை மேலேயே சுற்றவிட்டு, மனிதர்களை மட்டும் ஒளித்துகள்களாகக் கரைத்துக் கீழே அனுப்பும் கருவியைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1963 நவம்பர் 23 அன்று, பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரிலும் இதே கணக்குதான் நடந்தது. காலத்தைக் கடந்து செல்லும் எந்திரத்தை அன்றைய லண்டன் தெருக்களில் நின்ற நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டியின் உருவில் வைத்ததால், வெளிப்புறத்துக்கு மரப்பெட்டி ஒன்றே போதுமானதாயிற்று. அத்தொடரின் முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பது நம்மில் பலர் கவனிக்காத செய்தி.

கைபேசியும் நான்கைந்து நண்பர்களும் ஒரு கோடை விடுமுறையும் கையில் இருப்பவர்கள், அந்தக் கலைஞர்களின் வேலைமுறையைப் பின்பற்றித் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் ஐந்து முதல் பத்து நிமிடப் படம் எடுப்பதற்கான வழிகள் இங்கே தரப்படுகின்றன. கணினி வரைகலையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் கையால் செய்து, வெயிலில் வைத்து, கண்ணெதிரே படம்பிடித்த பொருளுக்கு இருக்கும் கனம், இலவச மென்பொருளில் அவசரமாகச் செய்த விண்கலத்துக்கு வருவதில்லை என்பது என் கருத்து.

எழுதும்போதே செலவைக் குறைத்தல்

கதையை எழுதுவதற்கு முன், உங்களால் காட்ட முடியாதவற்றைப் பட்டியலிட வேண்டும். கலம் தரையிறங்குவது, கூட்டம் ஓடுவது, நகரம் எரிவது ஆகியவற்றை முதலிலேயே அடித்துவிட்டு, மிஞ்சுவதை வைத்துக் கதை பின்னுங்கள். பயணி எப்படி வந்து சேர்கிறார் என்ற கேள்விக்குப் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கும் பத்தாயமே விடையாகலாம். நெல் கொட்டும் மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு, உலோக நிறத் துணி அணிந்த ஒருவர் எழுந்து வந்தால், அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு பெரிய இடம் இருக்கிறதோ என்று பார்ப்பவரே எண்ணிக்கொள்வார். உட்புறத்தை வேறோர் அறையில் எடுத்துக்கொள்ளலாம்.

அரங்கு ஒன்று போதும். ‘ஸ்டார் ட்ரெக்’ கலத்தின் வட்டமான கட்டளை அறை, தேவைக்கேற்பத் துண்டு துண்டாகக் கழற்றி நகர்த்தும்படி கட்டப்பட்டிருந்தது; எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டுமோ அந்தப் பக்கச் சுவரை விலக்கிவிட்டுக் கேமராவை வைத்தார்கள். பந்தல் காண்ட்ராக்டரிடம் வாடகைக்குக் கிடைக்கும் பிளைவுட் தட்டிகளைக் கீல் போட்டு இணைத்தால் இதையே நீங்களும் செய்யலாம். தட்டிகளுக்குச் சாம்பல் நிறமே பூச வேண்டும். அத்தொடரின் ஒளிப்பதிவாளர் ஜெர்ரி ஃபின்னர்மன் சாம்பல் சுவர்களின்மீது ஊதா, பச்சை, சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, ஒரே சுவரைப் பல அறைகளாக்கினார். நாடக ஒளியமைப்பாளர்களிடம் கிடைக்கும் வண்ண ஜிலாட்டின் தாளை எல்.இ.டி. விளக்கின் முன் பிடித்தால் வேலை முடிந்தது. விசைப்பலகைகளுக்குச் சீரியல் செட் விளக்குகளைத் துளையிட்ட அட்டைக்குப் பின்னால் ஒட்டலாம். எந்திர அறை வேண்டுமானால் நவீன அரிசி ஆலையைவிடப் பொருத்தமான இடம் டெல்டாவில் இல்லை. உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அரவை நின்றிருக்கும் வேளையில் மட்டும் உள்ளே செல்லுங்கள்.

கைப்பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. ‘ஸ்டார் ட்ரெக்’கின் முதலில் ஒளிபரப்பான பகுதிக்காக விசித்திர வடிவம் கொண்ட உப்புக் குப்பிகளை வாங்கிவந்தார்கள்; அவை உப்புக் குப்பிகள் என்றே பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்று பின்னர் தோன்றியதால், கலத்து மருத்துவரின் சிகிச்சைக் கருவிகளாக்கிவிட்டார்கள். நமக்குள்ள சிக்கல் இதற்கு நேர்மாறானது. பன்னீர்ச் செம்பைத் தலைகீழாகப் பிடித்து வெள்ளி வண்ணம் அடித்தாலும் நம் ஊரார் ஒரு நொடியில் கண்டுகொண்டு சிரித்துவிடுவார்கள். மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் முனையையும் விவசாயி யாரும் தவறவிட மாட்டார். முழுப் பொருளை விட்டு அதன் உள்ளுறுப்பை எடுங்கள். பழைய மிக்ஸியின் மோட்டார் கூடு, பி.வி.சி. குழாய் இணைப்புகள், மாத்திரை அட்டையின் வெற்றுக் குமிழ்கள் ஆகியவை நன்றாக உழைக்கும்.

மாதிரிக் கலம்

தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரிகளைச் செய்யும் நெட்டியே இந்த வேலைக்கு ஏற்ற பொருள். குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் செடியின் தண்டான நெட்டி, மேல்தோலைச் சீவிவிட்டால் உள்ளே வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். கூரிய கத்தி ஒன்றைக் கொண்டே தகடாகவும் உருளையாகவும் வெட்டிவிடலாம். தெர்மாகோலில் ஸ்பிரே பெயிண்ட் பட்டால் அது கரைந்து குழிவிழும். நெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நெட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் ஃபெவிகாலைக் குச்சி நுனியில் தொட்டு மெல்லியதாக வைக்க வேண்டும். மிகுதியாகத் தடவினால் ஒட்டிய இடம் நெளிந்துபோகும். முடிந்தால் நெட்டிக் கைவினைஞர் ஒருவரின் பட்டறையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, கத்தியை எந்தக் கோணத்தில் சாய்க்கிறார் என்று பாருங்கள். கத்தி தண்டை நோக்கிப் போவதில்லை. கத்தியின்மேல் தண்டு உருள்கிறது. சுருளாக உரிந்து வரும் தாள்போன்ற அந்த நெட்டி, கலத்தின் வளைந்த மேற்பரப்பைப் போர்த்துவதற்குக் கச்சிதமாக அமையும்.

கலத்தின் ஒரு பக்கத்தை மட்டும் முடித்தால் போதும். ‘ஸ்டார் ட்ரெக்’கின் எண்டர்பிரைஸ் கலத்துக்கு மாட் ஜெஃப்ரிஸ் வடிவம் தந்தார், அதன் பெரிய மாதிரி 11 அடி நீளமுடையது. விளக்குகளுக்கான கம்பிகள் இடப்பக்கத்தின் வழியே சென்றதால், அந்தப் பக்கம் முழுமையாக்கப்படவே இல்லை. வாஷிங்டனில் உள்ள தேசிய வானூர்தி விண்வெளி அருங்காட்சியகத்தில் இன்றும் அதைக் காணலாம். மறுபக்கம் தேவைப்படும்போது படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். எழுத்துகள் இருந்தால் அவற்றையும் முன்கூட்டியே கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதி ஒட்ட வேண்டும்.

வண்ணம் பூசிய பிறகு கலத்தை அழுக்காக்குங்கள். 1965இல் ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடருக்காக இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் பணியாற்றிய டெரெக் மெடிங்ஸின் குழுவினர், கடையில் விற்கும் மாடல் பெட்டிகளின் உறுப்புகளைத் தங்கள் ஊர்திகளில் ஒட்டி, அவற்றின்மீது புகைக்கறையும் எண்ணெய்க்கறையும் படிந்ததுபோல் தீட்டினார்கள். பென்சில் முனையைச் சீவிக் கிடைக்கும் கரித்தூளைப் பஞ்சால் தொட்டு, தகடுகள் சேரும் கோடுகளில் தேயுங்கள். புத்தம் புதிய கலம் எப்போதும் பொம்மையாகவே தெரியும்.

விண்வெளியில் கலம் நகர்வதற்கு, கலத்தை அசைக்காமல் கேமராவை நகர்த்துங்கள். ஹார்டுவேர் கடைகளில் மேசை இழுப்பறைக்காக விற்கும் டெலஸ்கோப்பிக் சேனல் ஒன்றைப் பலகையில் பொருத்தி, அதன்மேல் கைபேசியை வைத்துத் தள்ளினால் ஆட்டமில்லாத நகர்வு கிடைக்கும். பின்னணிக்குக் கருப்பு வெல்வெட் துணி. ஒளிக்கு ஒரே ஒரு விளக்கு, அதுவும் பக்கவாட்டில்.

தரையில் எடுக்கும் காட்சிக்குக் கணக்கு வேண்டும். மாதிரியில் பொருள் விழும் உயரம் குறைவு; அது உண்மைக் காட்சியைவிட விரைவில் தரையைத் தொட்டுவிடுவதால், அதை அதிவேகத்தில் படம்பிடித்து மெதுவாக ஓட்டினால்தான் பெரிதாகத் தோன்றும். எத்தனை மடங்கு மெதுவாக்க வேண்டும் என்பது, மாதிரி எத்தனை மடங்கு சிறியது என்பதன் வர்க்கமூலம். 24 மீட்டர் நீளமுள்ளதாகக் கற்பனை செய்த கலத்தை 96 சென்டிமீட்டரில் செய்தால் அது 25இல் ஒரு பங்கு, வர்க்கமூலம் 5, ஆகவே நொடிக்கு 120 சட்டங்களில் (ஃபிரேம்) எடுத்து 24இல் ஓட்ட வேண்டும். புழுதி, புகை, சரியும் மண் உள்ள காட்சிகளுக்கே இது கட்டாயம். தண்ணீரைச் சேர்க்காதீர்கள், துளியின் அளவு எந்தக் கணக்குக்கும் அடங்காது.

கேமராவின் உயரமும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். நிற்கும் மனிதரின் கண் தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால், நம் மாதிரிக்கு அது 6 சென்டிமீட்டர். கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் மண்ணை ஒட்டி வரும்படி வையுங்கள். கைபேசியின் சிறிய சென்சார் அருகிலும் தொலைவிலும் ஒருங்கே தெளிவு தருவதால், இந்த வேலைக்கு விலையுயர்ந்த கேமராவைவிட அதுவே மேல். காலை வெயிலில் எடுப்பது நல்லது. பிற்பகலில் கடற்காற்று கிளம்பினால் நெட்டிக் கலம் உண்மையாகவே பறந்துவிடும் என்பதால் உள்ளே ஒரு நட்டும் போல்ட்டும் வைத்துக் கனமாக்கிக்கொள்ளுங்கள்.

வேற்றுக் கோள்கள்

‘ஸ்டார் ட்ரெக்’ குழுவினர் லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகிலுள்ள வாஸ்குவெஸ் பாறைகளுக்கும், ‘டாக்டர் ஹூ’ குழுவினர் கல்குவாரிகளுக்கும் மீண்டும் மீண்டும் சென்றார்கள். நமக்குப் பாறை இல்லை. உளுந்தும் பயறும் எடுத்த பின் சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வயல் இருக்கிறது; கோடையில் கொள்ளிடத்தின் மணற்பரப்பு இருக்கிறது; வேதாரண்யத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே வயல் காட்சிகளை முடித்துவிடுங்கள். ஆழ்குழாய்ப் பாசனமுள்ள ஊர்களில் குறுவை வேலை அதற்கும் முன்பே தொடங்கிவிடும் என்பதால், நிலத்துக்காரரைக் கேட்டு நாள் குறிப்பதே முறை. உப்பளத்தில் வெண்மை மிகுதியால் கைபேசி படத்தை மங்கலாக்கும். வெளிச்ச அளவைக் கையால் உயர்த்திப் பூட்டிவிடுங்கள். பாத்திகளில் கால் வைக்கக் கூடாது, வரப்பில்தான் நடக்க வேண்டும்.

மனிதர் கரைந்து மறையும் காட்சி எளிது. அக்காலத்தில் அலுமினியத் தூளை ஒளிக்கற்றையில் விழச்செய்து, தலைகீழாக வைத்த கேமராவால் மெதுவோட்டத்தில் எடுத்தார்கள். அலுமினியத் தூள் தீப்பற்றக்கூடியது. நீங்கள் ஜிகினாத் தூளையே பயன்படுத்துங்கள். கருப்புத் துணியின் முன் அதைத் தூவிப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து எடுத்துக்கொண்டு, நடிகர் நிற்கும் காட்சியையும் அதே இடம் வெறுமையாக உள்ள காட்சியையும் கேமராவை அசைக்காமல் எடுத்து, மூன்றையும் டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் அடுக்கினால் போதும்.

ஒலி

எனக்கு விருப்பமான பகுதி இதுதான். படப்பிடிப்புக்கு முன்பே ஒலிகளைச் செய்துவிட்டு, அவற்றைத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிக்கச் சொல்வது நல்ல பலன் தரும். ரான் கிரெய்னர் எழுதிய ‘டாக்டர் ஹூ’ முகப்பிசையை, பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் ஒலிக்கூடத்தில் டெலியா டெர்பிஷைர் உருவாக்கினார். மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஒலியையும் சோதனைக் கருவிகளின் ஒலியையும் நாடாவில் பதிந்து, வேகத்தை மாற்றிச் சுரங்களாக்கி, பிளேடால் நறுக்கி ஒட்டிச் செய்த இசை அது. கால எந்திரம் கிளம்பும் ஓசைக்காக பிரையன் ஹாட்ஜ்சன் பழைய பியானோவின் தடித்த கம்பிகளில் சாவியால் இழுத்தார்.

நமக்குத் தம்புரா இருக்கிறது. யாருடைய கருவியையும் கெடுக்காமல், தஞ்சாவூரில் வீணை, தம்புரா செய்யும் பட்டறைகளில் கழித்துப்போட்ட கருவியைக் கேட்டு வாங்கி, தடித்த கம்பியில் பூட்டுச் சாவியின் பல்லை மெதுவாக இழுத்துப் பதிவுசெய்யுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும். பிறகு பின்னோக்கி ஓட்டி, எதிரொலி சேருங்கள். நாகசுரத்தில் பொருத்தாமல் சீவாளியை மட்டும் ஊதினால் எழும் கீச்சொலி, வேகம் குறைந்ததும் எந்த விலங்குக்கும் சொந்தமில்லாத குரலாகிவிடும். எந்திர மனிதரின் பேச்சுக்கு, ‘டாக்டர் ஹூ’வின் வில்லன்களான டாலெக்குகளுக்குச் செய்ததுபோல், குரலை 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்குங்கள். பம்புசெட் ஓசையை மட்டும் அப்படியே போடாதீர்கள். அது எந்தக் கோளில் கேட்டாலும் நம்மவர் காதுக்குப் பம்புசெட்தான்.

ஒத்திகையும் பாதுகாப்பும்

தொடக்கக் கால ‘டாக்டர் ஹூ’ பகுதிகளில் ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவான வேலை. எனவே வாரத்தின் பெரும்பகுதி ஒத்திகை பார்த்துவிட்டு, ஒரே மாலையில் ஏறக்குறைய நாடகம்போல் தொடர்ச்சியாகப் பதிவுசெய்தார்கள். நடிகர்கள் தடுமாறிய சொற்கள் பல அப்படியே நின்றுவிட்டன. உங்களுக்கு வெட்டுவது இலவசம் என்றாலும், உப்பளத்தின் காலை வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்குமேல் நிற்காது. வசனத்தைத் திண்ணையிலேயே மனப்பாடமாக்கிக்கொண்டு புறப்படுங்கள்.

அந்த ஒளிநாடாக்களைப் பி.பி.சி. பின்னாளில் அழித்து மறுபடி பயன்படுத்தியதால் பல பகுதிகள் தொலைந்தன. எனவே வெட்டாத மூலப் பதிவுகளையும் ஒலிகளையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். நெட்டிக் கலத்தை ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டுவிடுங்கள். அடுத்த பகுதிக்கு அதே கலம் வேண்டியிருக்கும்.