'இயற்கைப் பொருள்' என்று அழகைப் பார்த்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண் நிறம், பளபளப்பில்லாத மேற்பரப்பு, மூலையில் ஓர் இலைப் படம். இவ்வளவு இருந்தாலே அந்தப் பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று நம்பிவிடுகிறோம். அடிக்கடி நடக்கும் தவறும் பெரிய தவறும் இதுதான்.

'மூங்கில் கோப்பை' என்று விற்கப்படுபவற்றில் பல, மூங்கில் தூளை மெலமின் பிசினில் கலந்து அச்சில் வார்த்தவை. அந்தப் பிசின் பிளாஸ்டிக்தான், மட்காது. சூடான பானம் ஊற்றினால் மெலமின், ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள் கசியக்கூடும் என்பதால், 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைச் சந்தையிலிருந்து அகற்றும் நடவடிக்கையில் இறங்கியது. கையில் எடுத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். உண்மையான மூங்கிலில் நார் நீளவாக்கில் ஓடும், கணு தெரியும். மேலிருந்து அடிவரை ஒரே வழவழப்பாக, பொடிப்பொடிப் புள்ளிகளோடு இருந்தால் அது வார்த்தது. பழுப்புக் காகிதக் கோப்பையின் உட்புறத்தையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பெரும்பாலும் மெல்லிய பாலித்தீன் படலம் உரிந்து வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் மீதான தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் அடங்கும். வெளிநிறம் பழுப்பாக இருப்பதால் விலக்கு ஏதும் கிடையாது.

சமையலறை படத்தில் வருவதுபோல் இருக்க வேண்டும் என்று, நல்ல நிலையில் உள்ள டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே அளவில் கண்ணாடி ஜாடிகள் வாங்குவது இன்னொரு தவறு. பருப்புக்கும் மிளகாய்க்கும் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலே போதும். எனக்கு அந்த வரிசை அழகாகவே தெரிகிறது.

துணிப்பைகளைச் சேர்த்துக்கொண்டே போவதும் அப்படித்தான். டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் அது கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். தெருவிலும் கடலிலும் சேரும் குப்பை அந்தக் கணக்கில் இல்லை, அதனால் பிளாஸ்டிக்கே மேல் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் கல்யாண வீடுகளில் கிடைத்த பைகள் அலமாரியில் மடித்தபடி கிடக்கும்போது, படம் நன்றாக இருக்கிறதென்று புதிதாக ஒன்று எதற்கு?

இதையெல்லாம் கேட்டுவிட்டு 'அழகே வீண் ஆடம்பரம்' என்று ஒதுக்குபவர்களும் தவறுகிறார்கள். பார்க்கச் சகிக்காத பொருளை உழைக்கும் நிலையிலேயே மாற்றிவிடுகிறோம். மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியைப் பாருங்கள். ஆவியில் வளைத்த ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள். முதுகின் அந்த வளைவுதான் அதன் அழகு, அதுவே தாங்கும் சட்டமும். கால் ஆடினால் திருகை இறுக்கலாம். இருக்கையின் பிரம்பு அறுந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். அந்த நாற்காலி இன்றும் உற்பத்தியாகிறது. மாறாக, மரத்துகளைப் பசையால் அழுத்திச் செய்து, மரம்போல் அச்சடித்த தாளை ஒட்டிய துகள்பலகை மேசையில் தண்ணீர் இறங்கினால் விளிம்பு உப்பிவிடும். ஒருமுறை கழன்ற திருகு அதே துளையில் முன்போல் பிடிக்காது.

ஆகவே கடையில் விலையைக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: இதில் முதலில் தேய்வது எது, அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா? கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். திருகு தெரிந்தால் நல்லது. எங்கும் பசைதான் என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.