மொரிஸ் மைனருக்கு 17 அங்குல றிம் பூட்டுமுன்

வெள்ளவத்தையில் என் சிநேகிதர் ஒருவரிடம் அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துச் சிறு கார் இருக்கிறது. பழைய கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் 17 அங்குல அலோய் றிம் நான்கு வாங்கிவந்து பூட்டினார். ஜப்பான் காரிலிருந்து கழற்றியவை. "நாலு ஓட்டையும் அளவாக் கிடக்கு" என்று கராஜில் சொல்லியிருக்கிறார்கள். காலி வீதியில் 50 கிலோமீற்றர் வேகம் வந்ததும் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. ஓரங்கட்டிப் பார்த்தால், முன் சில்லில் இரண்டு நட் வெறுங்கைக்கே சுற்றின.

ஓட்டைகள் அளவாகத் தெரிந்ததை நம்பியதுதான் தவறு. மைனரின் நான்கு ஸ்டட்டும் (நட் ஏறும் ஆணிகள்) 4 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். ஜப்பான் சிறு கார்கள் பலவற்றில் அது 100. வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர்தான் என்பதால் றிம் உள்ளே போய்விடும், நட்டும் ஏறும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மில்லிமீற்றர் விலகி நிற்பதால், நட்டின் கூம்பு றிம்மின் குழியில் ஒருபக்கமாகவே உட்காரும். ஓட ஓட இளகும். இல்லாவிட்டால் ஸ்டட் களைத்து ஒருநாள் முறியும். றிம் வாங்கப் போகும்போது வேர்னியர் என்ற அளவுகோலைக் கையோடு கொண்டுபோங்கள். எதிரெதிர் ஓட்டைகளின் உள்விளிம்புகளுக்கு இடையே அளந்து, அதோடு ஓர் ஓட்டையின் விட்டத்தைக் கூட்டுங்கள். 101.6 வராவிட்டால் அந்த றிம் வேண்டாம், எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

அப்புறம் அகலம். 155 மில்லிமீற்றர் அகல ரயர் இருந்த இடத்தில் 205 போட்டால் 50 மில்லிமீற்றர் கூடுகிறது. உள்ளே இடமில்லை என்று ஸ்பேசர் எனும் இடைத்தட்டு வைத்துச் சில்லை வெளியே தள்ளுவார்கள். அப்போது காரின் பாரம் முன் சில்லை நெம்புகோல் போலப் பிடித்து இழுக்கும். மைனரில் அந்த இழுவையைத் தாங்குவது பெயரிங்கும் கீழ் ட்ரனியனும் (முன் சில்லைத் திருப்பவிட்டு, கீழே பிடித்து நிற்கும் மூட்டு). தேய்ந்த ட்ரனியன் கழன்றால் முன் சில்லு மடிந்து கார் அப்படியே குந்திவிடும். கிறீஸ் காணாத ட்ரனியனோடு இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

உயரக் கணக்கையும் போடுங்கள். 155/80 ஆர் 14 ரயரின் (அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், றிம் 14 அங்குலம்) மொத்த விட்டம் ஏறத்தாழ 604 மில்லிமீற்றர்; 205/40 ஆர் 17 ரயருக்கு 596. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ரயரின் பக்கச்சுவர் 124 மில்லிமீற்றரிலிருந்து 82 ஆகக் குறைந்துவிடுகிறது. மழை பெய்து வெள்ளம் நிற்கும் கொழும்பு வீதியில் குழி எங்கே என்று தெரியாது. அந்த அடி நேரே றிம்முக்குப் போகும்.

மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், அதற்கு முந்திய மொரிஸ் எய்ட்டில் இருந்த 17 அங்குலச் சில்லை விட்டுவிட்டுத்தான் 14 அங்குலத்துக்கு வந்தார். சில்லைச் சிறிதாக்கி நான்கு மூலைக்கும் தள்ளியதால்தான் அந்தச் சிறு காருக்குள் அவ்வளவு இடம். அதனால் எனக்கு 14 அங்குலத்திலேயே கொஞ்சம் அகலமான றிம்தான் பிடிக்கும்.

பூட்டியபின் ஜாக்கியில் நிற்கும் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பின்சீற்றில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். உரசினால் மட்காட்டின் உட்புறத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். 50 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சிநேகிதரின் கார் இப்போது பழைய இரும்பு றிம்மில்தான் ஓடுகிறது. நல்லவேளையாக அவர் அவற்றை விற்றிருக்கவில்லை.